கொப்புளம் கண்ட சவுக்கு

செம்மண்டலத்துலேருந்து சிதம்பரம் ரோட்டுல போனீங்கன்னா, கடலூர் தாண்டினதும் மணல் கொல்லைங்க வரும். அங்கங்க சவுக்குத் தோப்பு நிக்கும். சின்ன வயசுல இது நம்ம ஊரு மரம்னே நெனச்சிட்டு இருந்தேன், அய்யனார் மாதிரி ஆதிகாலத்துலேருந்து இங்கயே இருக்குன்னு :-)

அப்படி இல்லை. தென்கிழக்கு ஆசியா, ஆஸ்திரேலியா, பசிபிக் தீவுகள் பக்கத்து மரம் இது. இங்கே தோப்புத் தோப்பாக வந்ததுக்கு முக்கியக் காரணம் ரயில். 1856ல் ராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரைக்கும் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் ஓடியது. அதே வருஷம்தான் டாக்டர் ஹியூ கிளெக்ஹார்ன் தலைமையில் சென்னை மாகாணத்துக்கு வனத்துறையும் வந்தது. இஞ்சின் தின்ற விறகுக்குக் காடு தாங்காது என்று அப்போதே கவலை. அதனால் கடற்கரை மணலில் சவுக்கை நட்டார்கள். அதோட வேர் முடிச்சில் இருக்கிற நுண்ணுயிர் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துக் கொடுப்பதால வெறும் மணல்லயும் வளரும். பட்டாக்காரர்களும் போட ஆரம்பிச்சாங்க. அப்புறம் ரயில் விறகை விட்டுடுச்சு, சவுக்கு நம்மை விடலை. அடுப்பு, பந்தல், கட்டடச் சாரம், இப்போ காகித ஆலை வரைக்கும் போகுது.

ஒரே ஜாதி மரத்தை நெருக்கி நெருக்கி நட்டா நோய் சும்மா இருக்குமா? சவுக்குக்கு வர்றது பட்டைக் கொப்புள நோய். முதல்ல ஊசி இலை வெளுக்கும். பட்டையில் கொப்புளம் கிளம்பி வெடிக்கும். உள்ளே விரல் வச்சா கரி மாதிரி கறுப்புப் பொடி ஒட்டும். அதுதான் பூஞ்சையின் வித்து. எட்வின் பட்லர் என்ற அயர்லாந்துக்காரர் இதை விவரித்து எழுதியது 1905ல். 2003ல் ஆராய்ச்சியாளர்கள் இதற்குப் புதுப்பெயர் வைத்தார்கள்: சுப்ரமணியனோஸ்போரா. சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்த பூஞ்சையியல் அறிஞர் சி.வி. சுப்ரமணியனின் பெயர். மரத்தைக் கொல்ற பூஞ்சைக்கு நம்மாளு பேரு, என்ன மரியாதையோ போங்க :-)

எங்க தாத்தாவுக்கு ரெண்டு காணி சவுக்கு இருந்தது. மூணாவது வருஷம் ஓரத்துல பத்துப் பன்னெண்டு மரத்துல கறுப்புப் பொடி தெரிஞ்சது. "இப்பவே வெட்டிடுங்க"ன்னு ஆயா சொன்னாங்க. தாத்தா கேக்கலை. இன்னும் ஒரு வருஷம் நின்னா எடை கூடும், அக்கா கல்யாணத்துக்கு ஆகும்னு கணக்கு. காத்துலயும், ஒண்ணோட ஒண்ணு பின்னிக் கிடந்த வேர் வழியாவும் நோய் உள்ள போச்சு. மறு வருஷம் பாதித் தோப்பு நின்னபடியே காஞ்சிடுச்சு. காஞ்ச மரத்துல புழு துளைச்சு, சாரத்துக்கு ஆகாதுன்னு வியாபாரி கைவிரிச்சிட்டார்.

அப்போ ஆயாதான் இறங்கினாங்க. பட்டையை அங்கயே உரிச்சு, குழி வெட்டி எரிக்கச் சொன்னாங்க. வைரமா இருந்த அடித்துண்டு வேலிக்கால். நடுத்துண்டு விறகுக் கட்டு. புழு தின்னது கரி மூட்டம். மிளார் எங்க வீட்டு அடுப்புக்கு. வேர்க்கட்டையையும் பேத்து வித்தோம். கல்யாணம் முழுசா ஆகலைன்னாலும், சாப்பாட்டுச் செலவு அதுல வந்தது.

பின்னாடி படிச்சப்பதான் தெரிஞ்சது: நோய் வந்த மரத்தை உடனே எடுத்து எரி, சுத்தி பள்ளம் வெட்டி வேர்த்தொடர்பை அறு, கிளை கழிக்கும்போது காயம் படாம பாரு, இதைத்தான் நிபுணர்களும் சொல்றாங்க. எரிக்கிறதுன்னு ஆச்சு, அதை அடுப்புல எரிச்சா என்ன? விறகுக்குன்னே வந்த மரம் தானே.

தாத்தா தோத்தது நோய்கிட்ட இல்லை, அந்த ஒரு வருஷத்துகிட்ட. பத்து மரத்தை அன்னைக்கே வெட்டியிருந்தா மிச்சத் தோப்புல பெரும்பங்கு தப்பிச்சிருக்கும். சாகப்போற மரத்துக்கும் விலை உண்டு மக்களே, ஆனா அது நாளுக்கு நாள் குறையும்.

உங்க பக்கம் நோய் வந்த மரத்தை என்ன செய்வாங்க? சொல்லிட்டுப் போங்க.