வாரிசும் வழிபாடும்: ‘டியூன் மேசியா’வில் பேரரசு நிலைபெறும் விதம்

ஃபிராங்க் ஹெர்பர்ட்டின் ‘டியூன்’ (1965), பால் அட்ரெய்டிஸ் அரியணையைக் கைப்பற்றுவதோடு முடிகிறது. அதன் தொடர்ச்சியான ‘டியூன் மேசியா’ (1969), 12 ஆண்டுகளுக்குப் பின் அந்த வெற்றி கேட்ட விலையைச் சொல்கிறது. பாலின் பெயரால் நடந்த புனிதப்போரில் 6100 கோடிப் பேர் மாண்டனர். 90 கோள்கள் உயிரற்றுப் போயின. இந்நாவலை நாயக வழிபாட்டுக்கு எதிரான எச்சரிக்கையாகப் படிப்பது வழக்கம். அந்த வாசிப்பில் பிழையில்லை. ஆனால் அது, முடிவில் அரியணையைவிட்டுப் பாலைவனத்துக்குள் நடந்துசெல்லும் பாலின் துறவைப் பேரரசுக்கு எதிரான செயலாகக் கருதிவிடுகிறது. அத்துறவே பேரரசை நிலைநிறுத்தியது என்பது இக்கட்டுரையின் வாதம்.

அரசகுலத்துக்கு வாரிசு வேண்டும். அதனால் நாவலின் சூழ்ச்சிகள் பலவும் பிள்ளைப்பேற்றைச் சுற்றியே நடக்கின்றன. பட்டத்தரசி இருலன், பாலின் காதல் துணையான சானிக்கு ரகசியமாகக் கருத்தடை மருந்து கொடுக்கிறாள். தலைமுறைகளாக மரபணுத் தேர்வை நடத்திவரும் பெனே ஜெஸரிட் சகோதரிகளோ, அட்ரெய்டிஸ் மரபணு கைநழுவக் கூடாது என்பதற்காகப் பாலையும் அவன் தங்கை ஆலியாவையும் இணைக்கவும் எண்ணுகின்றனர்.

மதத்தின் தேவை வேறு. உயிரோடிருக்கும் கடவுள் தன் மதத்தையே மறுத்துப் பேசக்கூடும். பூசாரிகளுக்கு அது ஆபத்து. பாலின் பழைய போர்த்தோழனும் இப்போதைய மதத்தலைவனுமான கோர்பா பாலுக்கு எதிரான சதியில் சிக்குவதை இந்தப் பின்னணியில் வைத்தே புரிந்துகொள்ள வேண்டும். ஆக, அரசகுலம் பாலின் குருதி தொடர வேண்டும் என்கிறது. மதமோ அவன் மறைய வேண்டும் என்கிறது.

முடிவில் இரண்டும் நிறைவேறுகின்றன. இரட்டையரைப் பெற்றுச் சானி இறக்கிறாள். கண்ணிழந்த பால், பார்வையற்றோரைப் பாலைவனத்துக்கு விட்டுவிடும், பாலைவன மக்களான ஃப்ரெமன்களின் வழக்கப்படி தனியே மணலுக்குள் நடக்கிறான். தங்கள் சட்டத்துக்குத் தலைவணங்கிய பேரரசனின் பிள்ளைகளுக்கு ஃப்ரெமன் மக்கள் என்றும் கட்டுப்பட்டவர்களாகிறார்கள். குலம் வாரிசையும், மதம் தன் தியாகியையும் பெற்றுக்கொள்கின்றன.

பால் விடுதலையைத்தான் நாடினான் என்று மறுக்கலாம். அவன் நோக்கத்தை நானும் ஐயுறவில்லை. ஆனால் விளைவு அந்த நோக்கத்தின் வழியில் செல்லவில்லை. ஆலியா ஆட்சிப் பொறுப்பேற்றுக் கோர்பாவையும் பிற சதிகாரரையும் கொல்விக்கிறாள்; கோயில் அப்படியே நிற்கிறது. ‘சில்ட்ரன் ஆஃப் டியூன்’ (1976) நாவலில் பால் குருட்டுப் போதகனாகத் திரும்பி, தன் பெயரால் எழுந்த மதத்தைக் கண்டிக்கிறான். பூசாரிகளே அவனைக் கொல்கிறார்கள். ‘காட் எம்பரர் ஆஃப் டியூன்’ (1981) நாவலில் அவன் மகன் லெட்டோ, அரசும் கடவுளும் தானேயாகி 3500 ஆண்டுகள் ஆள்கிறான்.

ஆகவே ஹெர்பர்ட்டின் எச்சரிக்கை தலைவனோடு நின்றுவிடுவதில்லை. புனிதத்தால் காக்கப்படும் பரம்பரை ஆட்சி, நல்லவன் ஒருவன் விலகுவதால் குலையாது. அந்த விலகலையும் தனக்கு உரமாக்கிக்கொள்ளும். தலைவனின் மனச்சான்றை நம்பிக் காத்திருக்கும் எந்தச் சமூகமும் இந்நாவலை இந்தக் கோணத்தில் படித்தாக வேண்டும்.