அப்புத்தளையில் ஓர் ஆங்கிலப் பெருமனை

ஒரு கட்டடம் எக்காலத்தில் எழுந்தது என அறிதல் எளிது; எக்காலத்தை நாடி எழுந்தது என ஆராய்தலே வரலாற்று மாணவர்க்குப் பெரும்பயன் தருவது. அப்புத்தளையில் நிற்கும் அடிசம் மாளிகை இதற்குத் தக்க சான்றாகும்.

ரம்புக்கனையிலிருந்து மலையேறும் புகையிரதப் பாதையே அப்புத்தளையையும் சென்றடைகின்றது. அங்கு 1931 இல் இம்மாளிகையை எழுப்பியவர் சேர் தோமஸ் வில்லியர்ஸ். இவர் இங்கிலாந்தின் பிரதமராயிருந்த யோன் றசல் பிரபுவின் பேரர். கொழும்பு ஜோர்ஜ் ஸ்ருவேட் கம்பனியின் தலைவராய் விளங்கியவர். கென்ற் பிரதேசத்துத் தம் பிறப்பூரின் பெயரையே மனைக்கும் சூட்டினார். அமைப்புக்கு அப்பிரதேசத்து லீட்ஸ் கோட்டையை மாதிரியாகக் கொண்டார்.

கருங்கற் சுவர்களும், நீண்டொடுங்கிய சாளரங்களும், உயர்ந்த புகைபோக்கிகளும், பர்மாத் தேக்கில் அமைந்த கதவுகளும் தியூடர் காலப் பாணியை நினைவூட்டுவன. தியூடர் ஆட்சியோ 1603 இலேயே முடிவுற்றது. ஆங்கில நாட்டிலே பெருமனை என்பது, நிலக்கிழார் தம் குடிகளின் வழக்கைக் கேட்கும் மன்றமாகவும் இருந்து, அம்மண்ணிலேயே வளர்ந்தது. இங்கோ அதன் உருவம் மட்டுமே கடல் கடந்து வந்தது.

மாளிகை எழுந்த அதே 1931 இல் இலங்கையிற் சர்வசன வாக்குரிமையும் நடைமுறைக்கு வந்தமை சிந்திக்கற்பாலது. பழைய பிரபுத்துவத்தின் சாயல் கல்லில் எழ, மக்களாட்சி சட்டத்தில் எழுந்தது. எனினும் இத்தகைய மனைகளுக்கு அடித்தளமான தேயிலைச் செல்வத்தை விளைவித்தோர், பத்தடிக்குப் பன்னீரடி லயன் அறைகளில் வாழ்ந்தனர். 1948 ஆம் ஆண்டுச் சட்டம் அவருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. அத்தீங்கு முற்றாக நீங்க 2003 ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க நேர்ந்தது.

இன்று அம்மாளிகை பெனடிக்ற் சபைத் துறவியரின் மடமாய் விளங்குகின்றது. காண்போர் பலர் வியந்து மீள்கின்றனர். வியப்பு தகும். ஆயின், மாளிகையின் வரலாற்றை எழுதுவோர் லயனின் வரலாற்றையும் உடன் எழுதுதல் கடனாகும். ஒன்றின்றி மற்றொன்று நிறைவுறாது.