சபரகமுவத் தோட்டப் பாடசாலைகள்

சபரகமுவத் தோட்டப் பாடசாலைகள் என்பவை இலங்கையின் இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் தேயிலை, இறப்பர்த் தோட்டங்களில் வாழும் மலையகத் தமிழ்ப் பிள்ளைகளுக்காக உருவான தமிழ்மொழிமூலப் பாடசாலைகள். தோட்ட நிருவாகத்தின் கையில் தொடங்கிய இவை, பின்னர் அரசின் பொறுப்புக்கு வந்தன. இன்று பெரும்பாலானவை மாகாணக் கல்வித் திணைக்களத்தின் கீழ் இயங்குகின்றன.

தொடக்கம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் களனிப் பள்ளத்தாக்கில் இறப்பர்ச் செய்கை விரிந்தது. அவிசாவளை வழியாக ரயில்பாதை 1903இல் யட்டியாந்தோட்டையையும் 1912இல் இரத்தினபுரியையும் எட்டியது. தோட்டங்களில் குடியேறிய தென்னிந்தியத் தொழிலாளரின் பிள்ளைகளுக்கு அக்காலத்தில் கிடைத்தது லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசலில் நடந்த எழுத்துப் படிப்பே. அதிலும் சிறு வயதிலேயே பலர் பேர் பதிந்து தோட்ட வேலைக்குப் போயினர்.

1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தொழிலாளர் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி வழங்கும் கடமையைத் தோட்டத் துரைமார் மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அக்கடமையை வலியுறுத்தியது. இவற்றின் பயனாக எழுந்தவை பெரும்பாலும் ஓராசிரியர் பாடசாலைகள். நீண்ட ஒற்றை மண்டபம், தகரக் கூரை, இடைச்சுவர் கிடையாது. ஒரே ஆசிரியர் ஒரு வகுப்புக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த வகுப்புக்கு வாசிப்புச் சொல்லிக் கொடுப்பார். மழை வலுத்தால் தகரத்தின் ஓசையில் பாடம் நின்றுவிடும். ஐந்தாம் வகுப்போடு படிப்பும் முடிந்துவிடும்.

தேக்கமும் அரசுப் பொறுப்பும்

1945இல் கல்வி அமைச்சர் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் தேசியக் கல்வி முறைக்கு வெளியிலேயே நின்றன. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் பல குடும்பங்களை இந்தியாவுக்கு அனுப்பியது. 1960களின் தொடக்கத்தில் உதவி பெறும் தனியார் பாடசாலைகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் தோட்ட நிருவாகத்திடமே விடப்பட்டன.

1972, 1975ஆம் ஆண்டுகளின் நிலச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. அதன்பின் 1970களின் பிற்பகுதியிலிருந்து பாடசாலைகளும் படிப்படியாக அரசிடம் வந்தன. அதுவரை தோட்டத்தின் பெயரால் மட்டும் அறியப்பட்ட மண்டபங்கள் ‘தமிழ் வித்தியாலயம்’ ஆயின.

வளர்ச்சியும் வசதிகளும்

1980களில் சுவீடன் நாட்டின் சீடா நிறுவனம் வழங்கிய உதவி, கட்டடங்களுக்கும் ஆசிரியர் பயிற்சிக்கும் வழிவகுத்தது. ஜெர்மனியின் ஆதரவுடன் கொட்டகலைப் பத்தனையில் அமைந்த ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி மலையகப் பாடசாலைகளுக்குப் பயிற்சி பெற்ற ஆசிரியர்களைத் தந்தது. ஆரம்பப் பாடசாலைகளான வகை 3 பாடசாலைகள் சில, 11ஆம் வகுப்பு வரையுள்ள வகை 2 ஆகவும், உயர்தரக் கலை, வர்த்தகப் பிரிவுகளுள்ள 1சி ஆகவும் தரமுயர்ந்தன. உயர்தர விஞ்ஞானப் பிரிவுள்ள 1ஏபி தரம் எட்டியவை அரிது.

பெருந்தோட்டப் பாடசாலைகளை மேம்படுத்த இந்தியா அளிக்கும் நிதியுதவி 2024இல் 30 கோடி இலங்கை ரூபாயிலிருந்து 60 கோடியாக உயர்த்தப்பட்டது. இதற்குத் தெரிவான 9 பாடசாலைகளில் 6 மத்திய மாகாணத்தவை. சபரகமுவவுக்குக் கிடைத்தது 1.

தடைகள்

புதிய வகுப்பறைக்குக் காணி வேண்டும். சுற்றியுள்ள காணியோ 1992 முதல் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளின் குத்தகையில் இருக்கிறது. சரிவு நிலம் மற்றொரு தடை. 2016 மே மாதம் புலத்கொஹுபிட்டியவின் களுபஹன தோட்டத்தில் லயத்தின் மேல் மண் சரிந்து உயிர்கள் பலியாயின. மண்சரிவு அபாய வலயத்தில் கட்டடம் எழுப்பத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரை கட்டாயம்.

தோட்டங்கள் சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடப்பதால், அருகிலுள்ள சிங்களப் பாடசாலையில் சேரும் தமிழ்ப் பிள்ளைகளும் பலர். தமிழில் உயர்தர விஞ்ஞானம் படிக்க விரும்பும் மாணவர் ஊரைவிட்டுப் போக வேண்டியிருக்கிறது. விடுதி வசதி அரிது என்பதால், உறவினர் வீடோ வாடகை அறையோ அவர்களுக்கு விடுதியாகிறது.