எடுத்துக்காட்டுத் தொடர்வழிச் சொற்பயிற்சி

எடுத்துக்காட்டுத் தொடர்வழிச் சொற்பயிற்சி என்பது, ஒரு சொல்லின் பொருளை வரையறையாக மட்டும் கூறாது, அச்சொல் பயின்று வரும் தொடர்களைச் சிறுவரின் வாசிப்பு நிலைக்கு ஏற்ப அமைத்துக் கற்பிக்கும் முறை ஆகும். சிறுவர் அகரமுதலிகளிலும் பாடநூல்களிலும் இம்முறை பயன்படுகின்றது.

வரலாறு

அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் தார்ன்டைக், ஆங்கிலத்தில் மிகுதியாக வழங்கும் 10,000 சொற்களின் பட்டியலை ஆசிரியர்களுக்காக 1921 இல் வெளியிட்டார். 1935 இல் வெளிவந்த அவரது சிறுவர் அகரமுதலியில் எளிய விளக்கங்களுடன் எடுத்துக்காட்டுத் தொடர்களும் இடம்பெற்றன.

வரையறையின் குறைபாடு

சார்ச் மில்லர், பட்ரீசியா கில்டியா ஆகியோர் 1987 இல் எழுதிய கட்டுரை, வரையறையை மட்டும் படித்த சிறுவர் செய்யும் பிழைகளை எடுத்துக்காட்டியது. அரித்தல் எனப் பொருள்படும் 'இரோட்' என்ற ஆங்கிலச் சொல்லுக்கு அகரமுதலி தந்த விளக்கத் தொடருக்கு, 'வெளியில் உண்ணுதல்' என்றும் பொருள் உண்டு. அதனை அவ்வாறே புரிந்துகொண்ட சிறுவர், தம் குடும்பம் அடிக்கடி 'இரோட்' செய்வதாக எழுதினர்.

தொடர்களின் வகைகள்

எல்லாத் தொடர்களும் பொருளை உணர்த்துவதில்லை. இசபெல் பெக் முதலானோர் 1983 இல் சூழல்களை நான்காக வகுத்தனர். 'சிக்கனம்' என்ற சொல்லைக் கொண்டு அவற்றைப் பின்வருமாறு விளக்கலாம்.

* திசைதிருப்புவது: சிக்கனமாக வாழ்ந்த அவரை ஊரே தூற்றியது. (தீய பண்பு எனத் தோன்றும்)
* வழிகாட்டாதது: அவர் சிக்கனமானவர்.
* பொதுவானது: அவருடைய சிக்கனத்தை எல்லோரும் பாராட்டினர். (நற்பண்பு என்பது மட்டும் புலப்படும்)
* வழிகாட்டுவது: அம்மா தண்ணீரைச் சிக்கனமாகச் செலவழிப்பார், ஒரு சொட்டையும் வீணாக்கமாட்டார்.

வாசிப்பு நிலைகள்

மேற்கண்ட இறுதித் தொடர் தொடக்க நிலைக்குப் பொருந்தும். இடைநிலையில் காரணத்தைச் சேர்க்கலாம்: "கோடையில் கிணறு வற்றிவிடும் என்பதால் இப்போதே சிக்கனத்தைக் கடைப்பிடிக்கிறோம்." உயர்நிலையில் நெருங்கிய சொல்லிலிருந்து வேறுபடுத்தலாம்: "தேவைக்கும் செலவிடாதவர் கஞ்சர், தேவைக்கு மட்டும் செலவிடுபவர் சிக்கனமானவர்." எந்நிலையிலும், கற்பிக்கப்படும் சொல்லைத் தவிர ஏனையவை சிறுவர் அறிந்த சொற்களாக இருத்தல் வேண்டும்.

தமிழில்

1992 இல் வெளியான க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டுத் தொடர்களைக் கொண்டது. எனினும் அது சிறுவருக்கென உருவாக்கப்பட்டதன்று. தமிழில் இம்முறையைக் கையாள்வோர் மூன்று சிக்கல்களைக் கருத்திற் கொள்ள வேண்டும்.

* எழுத்து வழக்கும் பேச்சு வழக்கும் வேறுபடுவதால், வீட்டில் அறிந்த சொல்லும் நூலில் புதிதாகத் தோன்றலாம்.
* சொற்கள் உருபேற்றுத் திரிகின்றன. 'மரத்தில்' என்பதைப் படிக்கும் குழந்தை அகரமுதலியில் 'மரம்' என்று தேட வேண்டும்.
* ஆங்கில வாசிப்புநிலைக் கணிப்புகள் பல சொல்லின் நீளத்தைக் கணக்கிடுகின்றன. தமிழில் 'வந்துகொண்டிருந்தவர்களுக்கும்' என்பது நீளமானது. ஆயினும் அதன் அடிச்சொல் 'வா' குழந்தைக்கு நன்கு தெரிந்ததே.

இவற்றையும் பார்க்கவும்

* அகரமுதலி
* இரட்டை வழக்கு
* சிறுவர் இலக்கியம்