மீன்பாடி வண்டி

மிதித்து ஓட்டும் மூன்றுசக்கர வண்டியில் பழைய ஸ்கூட்டர், மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைப் பொருத்திச் சென்னையில் உருவான சரக்கு வண்டி. இதன் பாகங்களுக்குப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடைகள் பேர்பெற்றவை. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம், நான்குக்குக் குறைந்த சக்கரங்களும் 25 சிசிக்கு மிகாத இயந்திரமும் கொண்டவற்றுக்கு விலக்கு தருகிறது. ஸ்கூட்டர் இயந்திரம் அந்த வரம்பை எளிதில் தாண்டிவிடும். கழித்துப்போட்ட இயந்திரம் என்பதே ஆபத்து என்பார்கள். அது பாதிதான் சரி. ஒழுங்காகப் பழுதுபார்த்தால் பழைய இயந்திரமும் நன்றாகவே ஓடும், கோளாறு பிரேக்கில். வேகம் இருமடங்கானால் பிரேக் தணிக்கவேண்டிய ஆற்றல் நான்குமடங்காகும். இந்த வண்டியின் பிரேக்கோ கால்வலுவுக்கு அளவெடுத்தது. இந்த வண்டிகளைத் தடுத்தால் ஓட்டுபவர்களின் பிழைப்பு கெடும் என்ற மறுப்பு நியாயமானதே, ஆனால் பிரேக்கை மாற்றாததற்கு அது சாக்காகாது. இதற்கு மாறாக, கடியப்பட்டணம் போன்ற குமரிக் கடற்கரை ஊர்களில் மீன் சுமக்கும் மொபெட், 1980இல் வந்த டிவிஎஸ் 50இன் வழியில், இயந்திரமும் பிரேக்கும் ஒன்றுக்கொன்று பொருந்த வடிவமைக்கப்பட்டது.