அம்மன் பெயரால் ஒரு வசை

1843. இன்றைக்கு டோக்கியோ எனப்படும் எடோ நகரம். உதகாவா குனியோஷி என்ற ஓவியர் மூன்று தாள்களில் ஒரு மரஅச்சுப் படம் வெளியிட்டார். பழங்கதை வீரன் யோரிமிட்சு நோய்ப்படுக்கையில் கிடக்கிறான். காவலுக்கு இருந்தவர்களில் இருவர் 'கோ' என்ற பலகையாட்டம் ஆடுகிறார்கள். பின்னால் பேய்ப்படை திரண்டு நிற்கிறது.

கதை பழையது, ஜனங்கள் அதைப் புதிதாக வாசித்தார்கள். படுத்திருப்பவர் நாட்டை ஆண்ட ஷோகன் இயேயோஷி, காவலரில் ஒருவர் அமைச்சர் மிசுனோ தடகுனி, பேய்கள் அவருடைய கெடுபிடிச் சட்டங்களால் நொந்துபோன குடிகள் என்று ஊர் பேசிற்று. நடிகர், கணிகையர் படங்களுக்கு முந்திய ஆண்டுதான் தடை வந்திருந்தது. பதிப்பாளர் பயந்துபோய்ப் படங்களைத் திரும்பப் பெற்று, அச்சுக்கட்டைகளையும் அழித்தார்.

மட்டக்களப்பு வாவிக்கரையில் நையாண்டிக்குத் தாளும் கட்டையும் தேவைப்படவில்லை. வாய் போதும், துணைக்குக் கண்ணகி அம்மன் இருந்தாள்.

கொம்புமுறி என்பது அவளைக் குளிர்விக்கும் விளையாட்டு. மழை பொய்த்தால், நோய் பரவினால் ஆடுவார்கள். ஊர் வடசேரி, தென்சேரி என்று பிரியும். ஒன்று கோவலன் பக்கம், மற்றது கண்ணகி பக்கம். வளைந்த வைரமான மரக்கொம்புகள் இரண்டை ஒன்றோடொன்று கொளுவி, கயிறு பூட்டி, இரு பக்கமும் இழுப்பார்கள். எவருடைய கொம்பு முறிகிறதோ அவர்கள் தோற்றார்கள்.

அதன் பிறகுதான் கூத்து. வென்றவர்கள் தோற்றவர்களை வசைபாடுவார்கள். மற்ற நாளில் அடிதடியில் முடியக்கூடிய பேச்சு, அன்றைக்குச் சடங்கு. கேட்டுக்கொண்டு நிற்பதும் சடங்குதான்! வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட 'மட்டக்களப்புத் தமிழக'த்தில் இந்த விளையாட்டைப் பதிவு செய்திருக்கிறார். சிங்களக் கிராமங்களில் இதுவே 'அங்கெலிய'. அங்கே ஒரு கட்சி பத்தினி தெய்யோ எனப்படும் கண்ணகிக்கு, மற்றது அவள் கணவன் பாலங்கவுக்கு. தோற்றவர்களுக்கு ஏச்சு அங்கேயும் நிச்சயம்.

குனியோஷி பழங்கதைக்குப் பின்னால் ஒளிந்தார். நம்மவர்கள் அம்மனுக்குப் பின்னால். ஆனால் இரண்டையும் ஒரே தட்டில் வைக்க எனக்கு மனமில்லை. அவருடைய படம் அரண்மனை வரை போய்க் குத்திற்று. கொம்புமுறி வசை எதிர்ச்சேரியோடு நின்றுவிட்டது. சண்டை ஓய்ந்தால் பழையபடி உறவு. சிரிப்பாக அது உசத்தி, துணிச்சலாகக் கொஞ்சம் குறைவு.

மலையாள மந்திரவாதி வந்து சவால் விடும் மகிடிக் கூத்தில் கேலி இன்னும் நீளமாகக் கை நீட்டுகிறது. அதை அடுத்த வாரம் பார்ப்போம்.