புரோட்டான் செல்லும் வழி

1965ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜெமினி 5 விண்கலம் இருவரைச் சுமந்து எட்டு நாட்கள் பூமியைச் சுற்றியது. அதற்கு மின்சாரம் தந்தது எரிபொருள் மின்கலம். மனிதர் சென்ற விண்கலத்தில் அது பயன்பட்டது அதுவே முதல் முறை. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தீப்பிடிக்காமலே கூடி நீராகும் அக்கருவியின் உயிர்நிலை ஒரு மெல்லிய சவ்வு. புரோட்டானை மட்டும் கடக்கவிட்டு எலெக்ட்ரானை வெளிக்கம்பி வழியே சுற்றிவரச் செய்வது அதன் பணி. விண்வெளி வீரர்களின் பெயர்களை நினைவில் வைத்திருக்கும் நாம், இந்தச் சவ்வைப் பற்றி அதிகம் பேசியதில்லை.

ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தில் தாமஸ் கிரப் 1955இல் தொடங்கிவைத்த வழி இது. ஜெமினியில் இருந்த பாலிஸ்டைரீன் வகைச் சவ்வு ஆக்சிஜனேற்றத்தால் சிதையக்கூடியது. அப்பல்லோ வேறு வகை மின்கலத்தை நாடியது. 1960களின் பிற்பகுதியில் டூபான்ட் நிறுவனத்தில் வால்தர் குரோட் உருவாக்கிய நாஃபியான்தான் இக்குறையைப் போக்கியது. குளோரின் ஆலைகளில் பாதரசத்துக்கும் கல்நாருக்கும் மாற்றாகவும் அது நுழைந்தது.

நாஃபியானின் முதுகெலும்பு டெஃப்லான். தாமரை இலைபோல் நீரை ஒட்டவிடாதது. அதிலிருந்து கிளைக்கும் சங்கிலிகளின் நுனியிலோ நீரை விரும்பும் சல்ஃபோனிக் அமிலம். பிரியவும் முடியாமல் சேரவும் முடியாமல் ஒரே மூலக்கூறில் கட்டுண்ட இவ்விரண்டும், சவ்வு நனைந்ததும் ஒதுங்கிக்கொள்கின்றன. அமில நுனிகளைச் சுற்றி நீர் திரண்டு, சில நானோமீட்டர் அகலமே உள்ள தடங்கள் உருவாகின்றன. மில்லிமீட்டரின் பத்து லட்சத்தில் ஒரு பங்குதான் நானோமீட்டர். அத்தடங்களில் புரோட்டான் நீரோடு மிதந்தும் செல்கிறது. வரிசையாய் நிற்பவர்கள் செங்கல்லைக் கைமாற்றுவதுபோல் ஒரு நீர் மூலக்கூறிலிருந்து அடுத்ததற்குத் தாவியும் செல்கிறது. புரோட்டான் என்ற சொல்லே பிறக்காத 1806இல், தியோடோர் குரோத்தஸ் என்ற இளைஞர் நீரின் மின்பகுப்பை விளக்க இத்தகைய கைமாற்றத்தைக் கற்பனை செய்திருந்தார்.

அத்தடங்களின் வடிவம் என்ன? வரலாறு சுவைகொள்வது இங்குதான். டூபான்டின் கியர்க்கேயும் சூவும் 1980களின் தொடக்கத்தில் ஒரு சித்திரம் தந்தனர்: சுமார் 4 நானோமீட்டர் விட்டமுள்ள நீர்க்கோளங்கள், அவற்றை இணைக்கும் 1 நானோமீட்டர் இடுக்குகள். 2004இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் நீண்ட பாலிமர் கற்றைகளை முன்வைத்தனர். நீர் அவற்றைச் சூழ்ந்திருக்கிறது என்றனர். 2008இல் ஷ்மிட்-ரோரும் சென்னும் முன்பே வெளியான சிதறல் அளவீடுகளைப் புதிதாகக் கணக்கிட்டு, சராசரி 2.4 நானோமீட்டர் விட்டமுள்ள இணையான நீர்க்குழாய்கள் என்றனர். ஒரே குறளுக்குப் பல உரைகள் எழுந்ததைப் போல, ஒரே அளவீட்டுக்குப் பல வாசிப்புகள். 2015இல் உறைநிலை எலெக்ட்ரான் நுண்ணோக்கி, ஒன்றோடொன்று பின்னிய வலையமைப்பைக் காட்டியது. பொருள் பிறந்து அரை நூற்றாண்டு ஆகும்வரை அதன் அகத்தை ஊகித்துக்கொண்டேதான் அதைப் பயன்படுத்திவந்தோம்.

இது வெறும் அறிவுலகச் சச்சரவன்று. 2001இல் க்ராயர் நாஃபியானையும் ஃபுளோரின் இல்லாத ஒரு சவ்வையும் ஒப்பிட்டார். இரண்டிலும் அமிலம் ஒன்றே. ஆயினும் பின்னதில் தடங்கள் குறுகலானவை, அதிகம் கிளைத்தவை, முட்டுச்சந்துகள் நிறைந்தவை. ஆகவே நீர் குறையும்போது அதன் கடத்துதிறன் நாஃபியானைவிட வேகமாக வீழ்கிறது. என்ன பொருள் என்பதோடு, அது எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பதும் தன்மையைத் தீர்மானிக்கிறது. சொற்களை வைத்திருப்பதால் மட்டும் கவிதை அமைந்துவிடுவதில்லை என்பதை நாம் அறிவோம்.

இன்று அக்கேள்விக்கு அவசரமும் சேர்ந்திருக்கிறது. நாஃபியான் இயற்கையில் எளிதில் அழியாத ஃபுளோரின் சேர்மங்களின் குடும்பத்தைச் சேர்ந்தது. அக்குடும்பத்தையே கட்டுப்படுத்தும் முன்மொழிவை ஐந்து ஐரோப்பிய நாடுகள் 2023இல் அளித்தன. தூய ஆற்றலுக்கென நாம் நம்பியிருக்கும் சவ்வு, தானே தூய்மைக்குக் கேடாகலாம். மாற்றைத் தேடுவோர் புதிய மூலக்கூறொன்றைக் கண்டால் மட்டும் போதாது. அதனுள் நீர் தங்கித் தொடர்ந்து ஓடும் வழியையும் அமைத்தாக வேண்டும்.